ஊதாரி ஜெயித்த வருஷம்

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது ரேஸ் கோர்ஸ்தான். வேலி, அதற்கப்பால் புல்தரை, எதிர்ப்பக்கம் ஸ்டேண்டுகள். 2024 ஜூலையில் வருவாய்த் துறையினர், குத்தகைப் பாக்கி 822 கோடி ரூபாய் என்று சொல்லி, சென்னை ரேஸ் கிளப்பிடமிருந்து அந்த 52 ஏக்கர் சொச்ச நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதற்குச் சில வாரங்கள் கழித்து உறவினர் வீட்டுக் காரியம் ஒன்றுக்காக நான் அங்கே போயிருந்தேன். தூறிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் சவாரிக்கு விடுகிற மட்டக்குதிரைகளில் இரண்டு எப்படியோ உள்ளே புகுந்து, ஓடுதளத்தில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. முப்பது வருஷம் கோடைகாலத்துச் சனி ஞாயிறுகளை அந்த வேலியோரம் செலவழித்தவர் என் அப்பா. நியாயமாக அவர்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வந்தது அம்மா. அம்மா அந்த கேட்டைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

இதை எழுதுவதில் எனக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் சினிமாப் பாட்டைப் பற்றியோ குதிரை ரேஸைப் பற்றியோ எழுத வந்தால், ஒன்று அதில் சமூகவியல் தேட வேண்டும், இல்லையென்றால் கிண்டல் செய்ய வேண்டும் என்று ஒரு வழக்கம். எனக்கு இப்போது இரண்டிலும் நாட்டமில்லை. எல்.ஆர். ஈஸ்வரி என்ற பாடகியும் ஸ்குவாண்டரர் என்ற குதிரையும் 1977ல் எங்கள் வீட்டுக்குள் எப்படி எதிர்ப்பட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும்.

அப்பா குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீசில் குமாஸ்தா. அறுபதுகளின் ஆரம்பத்தில் குன்னூரில் ஏலம் தொடங்கியதிலிருந்து அந்த வேலை. ருசி பார்க்கிற அறையில் நீள மேஜை மேல் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ருசி பார்ப்பவர் ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு, ஒரு வார்த்தை சொல்வார். அப்பா அந்த வார்த்தையையும் பக்கத்தில் ஒரு விலையையும் எழுதிக்கொண்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். வாரம் முழுக்க இன்னொருவர் நாக்கு சொன்னதை எழுதியவர், சனிக்கிழமை வந்தால் தானும் ஏதாவது ஒன்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஆசைப்பட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. கடன்தான் தெரிந்தது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஊட்டி. மற்ற மாதங்களில் பெங்களூர், கிண்டி, பம்பாய் எல்லாம் பேப்பரில். குன்னூர் மார்க்கெட்டில் ஒரு ஆள் வெற்றிலைக் கடையில் உட்கார்ந்துகொண்டு வெளியூர் ரேஸுக்கெல்லாம் பணம் வாங்கிக்கொள்வான். அது சட்டவிரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும். போலீஸ்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

என்னை ஒரே ஒரு முறை ஊட்டிக்குக் கூட்டிப் போனார். எனக்குப் பதினொரு வயது. ரேஸ் எதுவும் ஞாபகமில்லை. தூரத்தில் வண்ண வண்ணச் சட்டைகள் ஒரு கொத்தாகப் போய், எங்கோ மறைந்து, திரும்ப வந்தன. பெரியவர்கள் கத்தினார்கள். ஞாபகம் இருப்பது லாயத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு சைஸ் காட்டிய சேணத்துணி. அதில் பை மாதிரி தைத்திருந்தது. உள்ளே பட்டையாக ஈயத் தகடுகள்.

“இது எதுக்கு அண்ணே?” என்று கேட்டேன்.

“எடை கண்ணு. ஜாக்கி எடை பத்தலேன்னா ஈயம் வச்சு சரிக்கட்டுவாங்க.”

“எல்லாக் குதிரைக்கும் ஒரே எடையா?”

“அதெப்படி? நல்லா ஓடறதுக்கு அதிகம் வைப்பாங்க. மோசமா ஓடறதுக்கு ஒண்ணும் வைக்கமாட்டாங்க.”

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்த அநியாயத்தைப் பற்றி அப்பாவிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். ஹேண்டிகேப் என்றால் என்னவென்று அவர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு குதிரைக்கும் அதன் பழைய ஓட்டங்களை வைத்து ஒரு மதிப்பெண் உண்டு. மதிப்பெண் ஏற ஏற முதுகில் எடை ஏறும். ஏற்றாவிட்டால் நல்ல குதிரையே ஒவ்வொரு முறையும் ஜெயிக்கும், யாரும் பணம் கட்ட வரமாட்டார்கள். டெர்பி போன்ற பெரிய பந்தயங்களில் இந்தக் கணக்குக் கிடையாது. அங்கே ஆண் குதிரைகளுக்கெல்லாம் ஒரே எடை, பெண் குதிரைக்கு ஒன்றரைக் கிலோ குறைவு. பெண் குதிரைக்குச் சலுகை தருகிற ஒரே இடம் ரேஸ் கோர்ஸ்தான் என்று அப்பா சிரித்தார். அதைப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அம்மாவிடம் இருந்தது ரேடியோ. மலை மேல் இலங்கை வானொலி துல்லியமாகக் கேட்கும். ஆல் இந்தியா ரேடியோவில் 1952ல் மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டை நிறுத்திவைத்தார். விவித் பாரதி வந்தது 1957ல். அதற்குள் எங்கள் பக்கத்து ஜனங்களின் காது கொழும்புக்குப் பழகிவிட்டது. பிறகு அறுபதுகளின் கடைசியிலிருந்து சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிவந்த தோட்டத் தொழிலாளர்களை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடிவைத்தபோது, அவர்களோடு அந்த வானொலிப் பழக்கமும் ஒரு முறை புதிதாக வந்து சேர்ந்தது. எங்களுக்குப் பால் ஊற்றிய அம்மாள் அப்படி வந்தவர். எந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சி, எந்த அறிவிப்பாளர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரும் அம்மாவும் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி பாட்டைப் பற்றித்தான்.

அம்மா பாட்டை எழுதி வைப்பாள். வேகமாக எழுத வராது. மூன்று நான்கு தடவை கேட்டால் ஒரு பாட்டு முழுதாகச் சேரும். எழுதியது அப்பாவின் பழைய ரேஸ் புத்தகங்களின் ஓரங்களிலும் பின்னட்டையிலும். வீட்டில் வேறு வெற்றுத்தாள் கிடையாது. பென்சிலில் எழுதிய வரிகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருப்பாள். அவை மூச்சு விடுகிற இடங்கள் என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. அந்தப் புத்தகங்களை எல்லாம் நான் எண்பதாம் வருஷம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன்.

பெரும்பாலும் சுசீலா பாடிய பாட்டுகள் இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. ஈஸ்வரிதான்.

லூர்து மேரி ராஜேஸ்வரி என்று பெயர். சென்னைக் கிறிஸ்தவக் குடும்பம். தாயார் ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். தாயாரோடு போன பெண் 1954ல் வந்த ‘மனோகரா’வில் கோரஸ் குரல்களில் ஒன்றாகிறாள். கே.வி. மகாதேவன் 1958ல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் தனியாகப் பாடவைக்கிறார். 1961ல் ‘பாசமலர்’. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் அந்தக் கல்யாணப் பாட்டு. அதை ஒலிபெருக்கியில் போடாத கல்யாணம் அதன் பிறகு தமிழ்நாட்டில் நடந்ததா என்பது சந்தேகம். கவனிக்க வேண்டியது, அதைப் பாடுவது மணப்பெண் இல்லை, தோழி. ஈஸ்வரிக்கு வாய்த்த இடம் அந்த முதல் வெற்றியிலேயே தீர்மானமாகிவிட்டது. கதாநாயகிக்கு ஒரு குரல், அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு இன்னொரு குரல். தோழி, பிறகு நடனக்காரி, கிளப்பில் கோப்பையுடன் வருகிறவள், தெருவில் பழம் விற்கிறவள், வில்லனுடைய ஆள். ‘பணமா பாசமா’வில் இலந்தைப்பழம் விற்கிற பாட்டு 1968ல் ஊரெல்லாம் ஒலித்தது. அதை முணுமுணுக்காத வீட்டையும், அதை முணுமுணுத்ததை ஒப்புக்கொள்கிற வீட்டையும் நான் பார்த்ததில்லை.

ஹிந்தியில் ஆஷா போன்ஸ்லேக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. ஆனால் அங்கே அவர் அந்த வேலியைத் தாண்டி வந்து கஜல் பாடி, எல்லாம் பாடி, சரிசமமாக நிற்க முடிந்தது. இங்கே கற்பு என்கிற சமாசாரம் தொண்டையில்கூட உண்டு. எந்தக் குரல் தாலி கட்டிக்கொள்ளும், எந்தக் குரல் கட்டிக்கொள்ளாது என்று ரசிகனுக்குப் படம் தொடங்குமுன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா அதிகம் பாடியது இரண்டு பாட்டுகள். ஒன்று ‘வெள்ளி விழா’ (1972) படத்தில் வி. குமார் இசையமைத்தது. பாட்டு முழுக்க ரகசியம் பேசுகிற குரல். மைக்குக்கு வெகு பக்கத்தில் நின்று, காற்று அதிகமாகவும் ஸ்வரம் கொஞ்சமாகவும் விட்டுப் பாடியிருப்பார். சுருதி இம்மி விலகாது. சத்தம் போட்டுப் பாட முடியாத வீட்டுக்கு அது ஏற்ற பாட்டு. அப்பா பக்கத்து அறையில் நாளைய குதிரைகளைக் குறித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அதைப் பாடி முடித்திருப்பாள்.

இன்னொன்று ‘சிவந்த மண்’ (1969). ஸ்ரீதர் எடுத்த படம், விஸ்வநாதன் இசை. சிவாஜி சாட்டையைச் சொடுக்கச் சொடுக்க காஞ்சனா ஆடிக்கொண்டே பாட வேண்டும். அடி விழும்போது ஒரு அலறல், அலறல் முடிவதற்குள் அடுத்த வரி. வலியில் கத்திய தொண்டை அடுத்த கணமே சரியான இடத்தில் ஸ்வரத்தைப் பிடித்தாக வேண்டும். கேட்கும்போது இது பெரிய விஷயமாகப் படாது. நீங்கள் ஒருமுறை செய்துபாருங்கள். அம்மா கரி அடுப்பை விசிறியபடி அதைச் செய்வாள். விசிறியை ஒரு தட்டுத் தட்டுவாள், அதுதான் சாட்டை. கத்தலை வாய்க்குள்ளேயே கத்துவாள். வரியை விட்ட இடத்தில் எடுத்துக்கொள்வாள். அவளுக்கு சங்கீதம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இனி அந்தக் குதிரை. ஸ்குவாண்டரர் என்பதைத் தமிழில் ஊதாரி என்றுதான் சொல்ல வேண்டும். 1973ல் பிறந்தது. பயிற்சியாளர் ரஷீத் பைராம்ஜி, ஜாக்கி வசந்த் ஷிண்டே. மொத்தம் 19 ஓட்டங்கள், 18 வெற்றிகள். எழுபதுகளின் மத்தியில் ரேஸ் பேச்சு என்றால் இந்தப் பெயர்தான். அப்பாவும் அவருடைய சகாக்களும் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் ஏதோ கீர்த்தனை பாடுவது போல இருக்கும். கழுத்து, தோள், கடைசி இருநூறு மீட்டர். ஆனால் அப்பா அதன்மேல் ஒரு தடவைகூடப் பணம் கட்டியதில்லை.

இது எனக்குப் புரியவே இல்லை. ஜெயிக்கும் என்று தெரிந்த குதிரையில் கட்டினால் என்ன? அப்பா சொன்னார்: “எல்லோருக்கும் தெரிஞ்சா விலை இல்லைடா. பத்து ரூபா கட்டினா ஒரு ரூபா கிடைக்கும். அதுக்கு போஸ்ட் ஆபீஸ்ல போட்டுரலாம்.” அவருக்கு வேண்டியது யாருக்கும் தெரியாத குதிரை. அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று. ரேஸ்காரனுக்கு உண்மையில் சாம்பியனால் பிரயோஜனம் கிடையாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சாம்பியனைப் பார்த்து ரசிக்கலாம், பேசலாம். பையைத் திறப்பது வேறு எதற்கோ. பிற்காலத்தில் இலக்கியத்திலும் இதே சுபாவத்தைப் பலரிடம் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து. ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட எழுத்தாளனை நமக்குப் பிடித்தாலும் நாம் அவன்மேல் பந்தயம் கட்டுவதில்லை.

1977ல் பம்பாயில் இந்தியன் டெர்பி. அப்பா வெற்றிலைக் கடைக்காரனிடம் வேறொரு குதிரைமேல் கட்டினார். கட்டிய பணம் அம்மாவின் தோட்டை அடகு வைத்த பணம். ஸ்குவாண்டரர் ஜெயித்தது. மறுநாள் பேப்பரில் படம் வந்திருந்தது. அப்பா ஆபீசுக்குப் போய்விட்டார். நான் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தேன், அன்று வீட்டில் இருந்தேன். அம்மா பேப்பரை எடுத்துக் குதிரையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது பேர் என்ன போட்டிருக்கு?”

சொன்னேன்.

“அப்படின்னா?”

“ஊதாரி.”

அம்மா என்னைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள். “ஊதாரின்னு ஒரு குதிரை. அது ஓடினா ஜெயிக்குது. உங்கப்பா பார்த்துப் பார்த்து அதை விட்டுட்டு இன்னொண்ணுல கட்டியிருக்காரு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தொண்டையிலிருந்து உருண்டு இறங்குகிற சிரிப்பு. கிளப் பாட்டுகளில் இரண்டு சரணங்களுக்கு நடுவே ஈஸ்வரி சிரிப்பாரே, அது. இந்தச் சிரிப்பை அம்மா அவரிடம் கற்றுக்கொண்டாளா, அல்லது எல்லாப் பெண்களிடமும் இருப்பதைத்தான் அவர் வெளியே எடுத்து ரிக்கார்டில் போட்டாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தோடு போன அன்று அம்மா அப்படிச் சிரித்தாள் என்பது மட்டும் தெரியும். நானும் கூடச் சிரித்தேன். அவளோடு நான் மிக நெருக்கமாக இருந்த நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதே வருஷம் மே மாதம் ஒரு நண்பர் வீட்டுக்கு வந்தார். கவிதை எழுதுகிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்தச் சமயம் என்னுடைய முதல் கட்டுரை ஒரு சிறுபத்திரிகையில் வந்திருந்தது. வணிக சினிமா தமிழ் மனத்தை எப்படிச் சீரழிக்கிறது என்பது விஷயம். ‘மலினம்’ என்ற வார்த்தையை ஏழு தடவை போட்டிருந்தேன். நண்பர் அதைப் பாராட்டிக்கொண்டிருந்தார். முன்னறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். சமையலறையில் அம்மா எங்களுக்காக வடை சுட்டுக்கொண்டே, நாங்கள் பேச்சில் முழுகிவிட்டோம் என்ற தைரியத்திலோ என்னவோ, அந்தச் சாட்டைப் பாட்டை எடுத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. கத்தல் வந்தது. நண்பர் பேச்சை நிறுத்தி, புருவத்தைத் தூக்கி, லேசாகப் புன்னகைத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. அவர் பேரில் குற்றம் ஒன்றுமில்லை.

நான் எழுந்து உள்ளே போனேன். “என்னம்மா இது ரெக்கார்டு டான்ஸ் பாட்டெல்லாம். வெளியாள் வந்திருக்கிற நேரத்துல” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று ஞாபகம். மெதுவாகச் சொன்னதால் அது இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வடையைத் திருப்பிப் போட்டாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அவளே முன்னறைக்கு வந்து, “சூடா இருக்கு தம்பி, பார்த்துச் சாப்பிடுங்க” என்று நண்பரிடம் சொன்னாள். நண்பர் வடை நன்றாக இருப்பதாகச் சொன்னார். நாங்கள் எலியட்டுக்குத் திரும்பினோம்.

அதன் பிறகு நான் இருக்கும்போது அம்மா வீட்டில் பாடவில்லை. கோபம் எதுவும் காட்டவில்லை. ரேடியோ கேட்பாள். நான் வந்தால் குறைப்பாள். அப்பாவுக்காகக் குறைத்ததை அப்புறம் எனக்காகக் குறைத்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். குதிரைக்கு எத்தனை கிலோ ஏற்றினார்கள் என்பது ரேஸ் புத்தகத்தில் அச்சாகியிருக்கும்.

ரசனை என்பதை அப்போது நாங்கள் ஒரு தற்காப்பாக வைத்திருந்தோம். வெளியே ஒரு பெரிய சந்தை இரைச்சல், அதற்கு எதிராக நாங்கள் முன்னூறு பேர், முன்னூறு பிரதிகள். அந்த எதிர்ப்பு பொய்யில்லை, இன்றும் அதை நான் கைவிடவில்லை. ஆனால் இரைச்சல் என்று நாங்கள் ஒதுக்கியதற்குள் யாரோ ஒருத்தி மூச்சை எங்கே விடுவது என்று கணக்கு வைத்திருந்தாள். அந்தக் கணக்கைக் கேட்கிற காது எங்களிடம் இல்லை. கவிதையில் ஒரு வரி எங்கே முறிகிறது என்று ராத்திரி முழுக்கச் சண்டை போட்டவர்கள் நாங்கள்.

ஏப்ரலில் ஊட்டி மாரியம்மன் கோவில் திருவிழா. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கோவில். ரேஸ் தொடங்குகிற அதே காலம். ஒரு பக்கம் ரேஸ் கோர்ஸ் அறிவிப்பு, இன்னொரு பக்கம் கோவில் குழாய் ஒலிபெருக்கி. இரண்டுக்கும் நடுவில் பஸ் ஸ்டாண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போனேன். அதற்குள் ஈஸ்வரி அம்மன் பாட்டுகளுக்கு வந்துவிட்டிருந்தார். தமிழ்நாட்டில் எந்த மாரியம்மன் கோவிலிலும் ஆடி மாசம் என்றால் அந்தக் குரல்தான். வேப்பிலையும் உடுக்கையும் பம்பையுமாக, கிளப்பில் பாடிய அதே தொண்டை. ஒரு சுரம்கூட அவர் மாற்றிக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். அந்தக் கத்தல்கூட இருக்கிறது. அருள் வந்த கத்தல் என்று கேட்கிறவர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். லூர்து மேரி என்று பெயரிடப்பட்ட பெண்ணின் குரலில்தான் மாரியம்மன் ஆடுவாள் என்று ஆகிவிட்டது. இதில் எந்த விமர்சகனுக்கும் பங்கில்லை.

கூட்டத்தில் அம்மா எனக்கு முன்னால் நின்றாள். ஒலிபெருக்கியோடு சேர்ந்து பாடினாள். வாய்விட்டு, முழுச் சத்தத்தில். சுற்றி நின்ற பெண்களும் பாடினார்கள், ஆனால் அவர்கள் மூச்சு வாங்கிய இடங்கள் வேறு. அம்மா ஈஸ்வரி வாங்கிய இடத்தில் வாங்கினாள். நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியும். நிறுத்தவில்லை. சாமி பாட்டை யார் நிறுத்தச் சொல்ல முடியும்?

ரேஸுக்கும் ஒரு கௌரவம் வந்து சேர்ந்தது. கொஞ்சம் நாளானது. 1974ல் கருணாநிதி அரசு சட்டத்தைத் திருத்தி குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்தது. கிளப் வழக்குப் போட்டது. 1986ல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டது. எல்லாம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் பிரதானமாகத் திறமையைச் சார்ந்தது; குதிரையின் பிறவிக் குணம், பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன் இவற்றால் முடிவாவது; ஆகவே அது சூதாட்டம் இல்லை. அப்பா அப்போது ஓய்வு பெற்று, கண்புரையோடு உட்கார்ந்திருந்தார். பேப்பரை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாழ்நாள் முழுக்கத் தன்மேல் இருந்த ஒரு வழக்கில் விடுதலையானவர் மாதிரி முகம்.

“பார்த்தியா? திறமைன்னு சொல்லிட்டாங்க” என்றார் அம்மாவைப் பார்த்து.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “யாரோட திறமையாம்? ஓடறதோடதா, கட்டறவரோடதா?” என்று கேட்டாள்.

மூன்று நீதிபதிகள் அமர்ந்த அந்த பெஞ்சில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் தீர்ப்பு இன்னும் நீளமாக ஆகியிருக்கும். அப்பா பதில் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து இறந்துபோனார். கடன் எதுவும் மிச்சமில்லை. அம்மாதான் அடைத்திருந்தாள்.

ஒரு குதிரையின் வாழ்க்கையை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். ஸ்குவாண்டரருக்குப் பத்தொன்பது வரிகள் போதும். தேதி, தூரம், எடை, நேரம், எத்தனை நீளத்தில் ஜெயித்தது. அதற்குமேல் அறிய ஆசைப்படுகிறவர்கள் உடலை அறுத்துப் பார்ப்பார்கள். பார் லாப் என்ற குதிரை நியூஸிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் ஓடி, 51 பந்தயங்களில் 37 ஜெயித்து, 1932ல் கலிஃபோர்னியாவில் செத்தது. அதன் தோல் மெல்போர்னில், எலும்புக்கூடு வெலிங்டனில், இதயம் கான்பெராவில், மூன்று மியூசியங்களில் இருக்கின்றன. இதயம் 6.2 கிலோ. ஏன் ஜெயித்தது என்று தெரிந்துகொள்ள அதை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாடகியை இப்படிச் செய்ய முடியாது. 1954லிருந்து எத்தனை பாட்டு, எத்தனை கோரஸ், எந்த ரிக்கார்டில் பெயர் போட்டார்கள், எதில் விட்டார்கள் என்று ஒழுங்கான ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை. குதிரை மூன்று நான்கு வருஷத்தில் ஓய்ந்துவிடுகிறது. இவர் 2020ல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்தில் பாடியிருக்கிறார். எண்பது வயதில் அம்மன் பாட்டு. அதை அம்மா கேட்கவில்லை. அவள் அதற்கு நான்கு வருஷம் முன்பே போய்விட்டாள்.

ஆனால் 2011ல் வந்ததைக் கேட்டாள். ‘ஒஸ்தி’ என்ற படம். தமன் இசை. டி. ராஜேந்தருடன் ஈஸ்வரி பாடிய குத்துப்பாட்டு. வெகுகாலம் கழித்து சினிமாவில் அந்தக் குரல். டிவியில் ஓயாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டியிருந்தது. நாற்காலியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு தொடங்கியதும் கையை உயர்த்தி, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். அப்பாவின் ஆபீசில் அந்த ருசி பார்க்கிறவர் கிண்ணத்துக்கு மேல் அப்படித்தான் தலையைச் சாய்ப்பார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முடிகிற வரைக்கும் காத்திருந்து, “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன். நான் அவளிடம் ஒரு பாட்டைப் பற்றி அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை.

“குரல் தடிச்சுப் போச்சு. கீழே இறங்கறப்ப கொஞ்சம் மண் இருக்கு” என்றாள். “மூச்சு அப்படியே இருக்கு.”

“அந்தச் சாட்டைப் பாட்டு பாடுவியே,” என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் எப்பவோ” என்று சொல்லிவிட்டு, சின்னவளிடம் டிவியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள்.